கழலாத மூடியும் காலி இன்ஜினும்

வண்டி கேள்வி பதில்

முதல் கடிதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாட்ஸ்அப்பில் வந்தது. அவசரம் என்பதால் அன்றைக்கே போனில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இதே கதையை வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் சொல்வதால் இங்கே முழுதாக எழுதுகிறேன். மற்ற கேள்விகளுக்கு இந்த முறை இடம் குறைவுதான், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஐயா வணக்கம். பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம், அப்பா செம்பனை ஆலையில் வேலை. எங்கள் காடி (கார்) 2015 டொயோட்டா அல்டிஸ் 1.8, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இதுவரை பட்டணத்துக் கடையில்தான் கறுப்பெண்ணெய் (இன்ஜின் எண்ணெய்) மாற்றினோம், இந்த முறை வீடியோ பார்த்துவிட்டு நானே இறங்கினேன். காலையில் எண்ணெயை முழுக்க வடித்துவிட்டேன். அப்புறம்தான் ஃபில்டர் பக்கம் போனேன். மூடியின் நடுவில் ஒரு சதுர ஓட்டை இருந்தது, அதில் ராட்செட்டை மாட்டித் திருகினால் சின்ன போல்ட் ஒன்று மட்டும் கழன்று எண்ணெய் கையில் வழிந்தது, மூடி அசையவே இல்லை. பக்கத்து வீட்டு அண்ணனிடம், மூடிமேல் கவிழ்த்துத் திருப்பும் தொப்பி ஸ்பானர் வாங்கிப் போட்டேன், வழுக்குகிறது, மூடியின் ஓரத்துப் பட்டைகளில் இரண்டு தேய்ந்தும்விட்டது. பைப் ரெஞ்ச் போட்டு ஒரே திருகாகத் திருகலாம் என்கிறார் அப்பா. இன்று கடைகள் மூடல். நாளை காலை ஐந்தரைக்கு அவர் இந்தக் காடியில்தான் வேலைக்குப் போகவேண்டும். என்ன செய்வது?

பதில்: தம்பி, முதல் வேலையாக அப்பா கையில் இருக்கும் பைப் ரெஞ்சை வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். அப்பாவைக் குறை சொல்லவில்லை, ஆலையில் நீராவிக் குழாய்களோடு பழகிய கைக்கு அதுதான் முதலில் தோன்றும். ஆனால் குழாய் கெட்டியான இரும்பு, உங்கள் மூடி அப்படியல்ல. பைப் ரெஞ்சின் பல் இரண்டே இடத்தில் கடிக்கும், கடித்த இடத்தில் மூடி முட்டை மாதிரி நசுங்கும், நசுங்கிய மூடி மரையில் இன்னும் இறுகும். பிளாஸ்டிக் மூடியாக இருந்தால் நசுங்கக்கூடச் செய்யாது, விரிசல் விட்டுவிடும். அதற்கப்புறம் வண்டியை இழுத்துக்கொண்டு போக லோரிக்குத்தான் சொல்லவேண்டும்.

அடுத்தது நாளைக் காலை ஐந்தரை. இதற்கு ரொம்பச் சாதாரணமான வழி ஒன்று இருக்கிறது, பதற்றத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை: பழைய ஃபில்டரை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, புது எண்ணெய் ஊற்றி ஓட்டுங்கள். ஃபில்டர் மாற்றாமல் எண்ணெய் மட்டும் மாற்றினால் இன்ஜின் கெட்டுவிடும் என்று சொல்வார்கள், அதெல்லாம் சும்மா. டொயோட்டாவே கொடுக்கும் அளவைப் பாருங்கள். இந்த 1.8 இன்ஜினுக்கு ஃபில்டரோடு மாற்றினால் 4.2 லிட்டர், ஃபில்டரைத் தொடாமல் மாற்றினால் 3.9 லிட்டர். வித்தியாசம் 300 மில்லி. ஒரு பெரிய கிளாஸ் தே தாரேக் அளவு பழைய எண்ணெய் உள்ளே தங்கும், அவ்வளவுதான். நீங்கள் அந்தச் சின்ன போல்ட்டைக் கழற்றியதில் அதிலும் கொஞ்சம் உங்கள் கையில் வழிந்துவிட்டது. ஃபில்டர் பல வருடம் பழையதாக இல்லாதவரை இன்னும் சில நூறு கிலோமீட்டர் அது தாங்கும். அதனால் எண்ணெய் வடித்த கீழ்ப் போல்ட்டைத் திரும்ப இறுக்கி, சின்ன போல்ட்டையும் அதன் ரப்பர் வளையத்தோடு திரும்பப் போட்டு, 3.9 லிட்டர் ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்து அளவுக் கம்பியைப் பார்த்து, குறைந்தால் கொஞ்சம் சேருங்கள். டார்ச் அடித்து மூடியைச் சுற்றிக் கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் அப்பாவிடம் சாவியைக் கொடுக்கவேண்டும். மூடியில் விரிசல் எதுவும் தெரிந்தால் மட்டும் ஓட்டக்கூடாது.

சரி, நாளைய பிரச்சினை தீர்ந்தது. இனி மூடியைப் பற்றி ஆற அமரப் பேசலாம், அடுத்த ஞாயிறு வரை நேரம் இருக்கிறது.

சதுர ஓட்டைக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் ஏமாறுவது நீங்கள் மட்டும் அல்ல. பார்த்தால் ராட்செட்டின் தலைக்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கும், அளவெடுத்ததுதான், ஆனால் மூடியைக் கழற்ற அல்ல. மூடியைத் திறக்குமுன் உள்ளே தேங்கிய எண்ணெயை இறக்கி, முழங்கை வரைக்கும் வழியாமல் காப்பாற்ற வைத்த தனி போல்ட் அது. அதை 13 நியூட்டன் மீட்டருக்கு (இறுக்கும் பலத்தின் அளவு) மேல் இறுக்கவே கூடாது. அதைப் பிடித்து மூடியையே திருப்பிவிடலாம் என்று மல்லுக்கட்டினால் சதுரம் வட்டமாகிவிடும். மூடியைப் பிடிப்பதற்கான இடம் அதன் வெளிவிளிம்பில் இருக்கும் 14 பட்டைகள்தான்.

அந்தப் பட்டைகளுக்கான தொப்பி ஸ்பானரில்தான் உங்கள் வேலை கெட்டிருக்கிறது. உங்கள் மூடிக்கு வேண்டியது 64 அல்லது 65 மில்லிமீட்டர், 14 பட்டை என்று குறித்து விற்கும் தொப்பி. பக்கத்து வீட்டு அண்ணனுடையது வேறு காடிக்கு வாங்கியதாக இருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது, அவ்வளவு இடைவெளி போதும், பட்டையின் முகத்தில் உட்காராமல் அதன் முனையிலேயே தொற்றிக்கொண்டு தேய்க்கும். அளவு சரியாக இருந்தும் வழுக்கினால் தகட்டைப் பாருங்கள். தகரத்தை அழுத்திச் செய்த மலிவுத் தொப்பிகள் பலம் கொடுத்ததும் வாய் விரிந்துவிடும், கட்டைவிரலால் விளிம்பை அழுத்தினாலே தெரியும். வார்ப்பில் செய்த கனமான தொப்பியாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்த தடவையும் உதவும்.

அவசரத்துக்குத் தகரத் தொப்பிதான் இருக்கிறது என்றால் ஒரு உபாயம். ரேடியேட்டர் ஹோஸில் போடுவோமே, ஸ்க்ரூ வைத்த ஸ்டீல் கிளிப், அதில் பெரியதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மூடியின் பட்டைகளில் இருக்கும் மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய பல் துலக்கும் பிரஷால் சுத்தமாக எடுத்துவிடுங்கள், பள்ளத்தில் மண் இருந்தால் தொப்பி முழுதாக உட்காராது. ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டித் தொப்பியை அடிவரை ஏற்றுங்கள். அடிவரை போய்விட்டால் தட்டும் சத்தம் மாறும், தொளதொள என்ற சத்தம் போய் கெட்டியான ஒரு ‘டொக்’ வரும். அப்போது தொப்பியின் விளிம்பைச் சுற்றி அந்தக் கிளிப்பை மாட்டி இறுக்கிவிட்டால் வாய் விரிய முடியாது. உங்களுக்கு இரண்டு பட்டைதான் தேய்ந்திருக்கிறது, மீதி பன்னிரண்டு நல்லபடியாக இருப்பதால் இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

திருப்பும் திசையைச் சொல்லாமல் விட்டால் பாவம். கீழே மல்லாந்து படுத்து மூடியை நேராகப் பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம், அதுதான் கழற்றும் பக்கம். பம்பருக்கு முன்னால் குந்திக்கொண்டு, மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக் கையை உள்ளே விட்டுத் திருப்புகிறவர்கள் அரைமணி நேரம் உயிரைக் கொடுத்து இறுக்கிவிட்டு ‘கழலவே மாட்டேங்குது’ என்பார்கள். நானே ஒருமுறை செய்திருக்கிறேன், வீட்டில் சொல்லவில்லை.

கழற்றும்போது ஒரே வெட்டாக இழுக்கவேண்டாம். ராட்செட்டுக்கும் தொப்பிக்கும் நடுவில் ஒரு குட்டை எக்ஸ்டென்ஷன், நீளம் கூடினால் பக்கவாட்டில் சாயும். ஒரு கை தொப்பியை மேல்நோக்கி அழுத்திப் பிடித்திருக்கவேண்டும், மற்ற கை திருப்பவேண்டும். ராட்செட் போதாவிட்டால் இரண்டடி நீளக் கம்பி, அதையும் மெதுவாகப் பாரம் ஏற்றுவதுபோல. கொஞ்சம் பாரத்தை ஏற்றி அப்படியே நிறுத்தி, கம்பியின் நுனியில் ரப்பர் சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். இறுகிப்போன மூடி பெரும்பாலும் அந்தத் தட்டில்தான் விடும், இழுப்பில் அல்ல. விடும்போது ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வரும், ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்படாதீர்கள், காய்ந்த ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரியும் சத்தம் அது.

படுக்குமுன் இன்னொன்று. ஜாக்கை மட்டும் நம்பிக் காடிக்கு அடியில் போகவே கூடாது, அதுவும் கம்பி போட்டு இழுக்கும் வேலைக்கு. இரண்டு ஸ்டாண்ட், பின் சக்கரங்களுக்குக் கட்டை. தாமான் வீட்டில் சிமெண்டுத் தளம் இருக்கும், பிரச்சினை இல்லை. தோட்டத்தில் லயத்து வாசலில் செய்கிறவர்கள் கவனிக்கவேண்டும், மழை பெய்த செம்மண்ணில் ஸ்டாண்டின் கால் சத்தமில்லாமல் இறங்கும், கெட்டிப் பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். எல்லாம் வைத்த பிறகு காடியைத் தோளால் ஒரு உலுக்கு உலுக்கிப் பாருங்கள். நீங்கள் அடியில் இருக்கும்போது ஆடுவதைவிட வெளியில் நிற்கும்போது ஆடுவது மேல்.

இத்தனையும் செய்து அசையாவிட்டால்? அப்போது ஒரு புது மூடி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகுதான் அடுத்த வேலை. புது மூடி கையில் இருந்தால் பழையதன் உயிருக்குக் கவலை இல்லை, முனை மழுங்கிய உளியை ஒரு பட்டையின் பக்கவாட்டில் வைத்துக் கழற்றும் திசையில் அடிக்கலாம், மூடி போனாலும் போகட்டும். ஆனால் உளி மூடியை மட்டும்தான் தொடவேண்டும், மேலே இன்ஜினோடு சேர்ந்த அலுமினியப் பகுதியில் ஒரு கீறல் விழுந்தாலும் புது ரப்பர் அங்கே உட்காராது. அந்த அளவுக்குத் தைரியம் இல்லையென்றால் அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தீ மட்டும் காட்டவேண்டாம், எண்ணெய் ஊறிய இடம். சூடு வேண்டுமென்றால் தலைமுடி காயவைக்கும் டிரையர் போதும், தங்கச்சியிடம் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் எடுத்தால் அதற்குத் தனிப் பிரச்சினை.

ஆனால் டிரையரே தேவைப்படாத வழி ஒன்று இருந்தது, நீங்கள் எண்ணெயை வடித்தபோது அது கை நழுவிவிட்டது. அடுத்த முறை வரிசையை மாற்றுங்கள். காடியைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, இன்ஜின் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே, எண்ணெயைத் தொடுவதற்கு முன்னால் மூடியை அசைத்துப் பாருங்கள். கால் சுற்று நகர்ந்தால் போதும், அப்படியே விட்டுவிட்டுப் போய் வடிக்கலாம். நகரவில்லையா, எண்ணெய் உள்ளேதான் இருக்கிறது, காடி ஓடும், நேராகக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். இன்ஜினைக் காலி செய்துவிட்டு மூடியோடு சண்டை போடுவது, பாலத்தைப் பிரித்துவிட்டு ஆற்றைப் பார்ப்பது மாதிரி.

இப்போது ஏன் இறுகியது என்ற கேள்வி. என் சந்தேகம் போன முறை போட்ட கையின் மேல்தான். இந்த மூடிக்கு 25 நியூட்டன் மீட்டர் போதும். எண்ணைச் சொன்னால் புரியாது, இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 25 சென்டிமீட்டர் நீள ராட்செட்டின் நுனியில் ஒரு பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான். காற்றழுத்தத்தில் போல்ட் இறுக்கும் காற்றுத் துப்பாக்கி வைத்து ‘டர்ர்’ என்று விடுகிற இடத்தில் இதற்குப் பல மடங்கு ஏறிவிடும். அடுத்தது ரப்பர் வளையம். புது ஃபில்டர் பெட்டியில் பெரிய வளையம் ஒன்று, நடு போல்ட்டுக்குச் சின்ன வளையம் ஒன்று இரண்டும் வரும், அதைப் போடச் சோம்பல்பட்டுப் பழையதையே விட்டுவிட்டால் அது இன்ஜின் சூட்டில் வெந்து வெந்து கருவாடு மாதிரி விறைத்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தடவாமல் காய்ந்தபடியே போட்டாலும் இதே கதிதான்.

இறுக்கும் கையைப் பற்றிப் பேசும்போது என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் ஒரு தோட்டத்துப் பட்டறையில் கைத்துணையாகச் சேர்ந்தேன். அந்தக் காலத்துப் பழைய டிராக்டர்களிலும் இதே மாதிரி கிண்ணத்துக்குள் வைக்கும் ஃபில்டர்தான், நடுவில் நீளமாக ஒரே போல்ட். (புதுக் காடிகளில் ஏதோ நவீனமாக வந்திருக்கிறது என்று நினைக்கவேண்டாம், போன பேரன் மீசையோடு திரும்பி வந்த கதை.) முதல் தடவை என்னை நம்பிக் கொடுத்தார்கள், நானும் கசியக்கூடாது என்று ஸ்பானரில் குழாயைச் செருகி இறுக்கினேன். அடுத்த சர்வீஸுக்கு அது கழலவில்லை. பெரிய ஃபிட்டர் யார் போட்டது என்று கேட்கவே இல்லை, ஸ்பானரை என் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். ஒரு மணி நேரம். விரல் முட்டியில் தோல் போனது, இன்னும் தழும்பு இருக்கிறது. திரும்பி வந்து புது ஃபில்டரை வைத்து அவர் இறுக்கியதைத்தான் மறக்க முடியவில்லை: ஸ்பானரின் நுனியைப் பிடிக்காமல், போல்ட்டின் பக்கத்தில், கழுத்தில் பிடித்தார். அங்கே பிடித்தால் மனிதன் நினைத்தாலும் அதிகம் இறுக்க முடியாது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத வீட்டில் இன்றைக்கும் நான் சொல்வது அதைத்தான், கழற்றும்போது நுனியில் பிடியுங்கள், மாட்டும்போது கழுத்தில் பிடியுங்கள்.

அதே தம்பி, இரண்டு வாரம் கழித்து: ஐயா, கிளிப் மாட்டியதும் நாலாவது தட்டிலேயே விட்டுவிட்டது! உள்ளே பார்த்தால் பழைய ரப்பர் கறுப்புக் கம்பி மாதிரி இருந்தது, எடுக்கும்போதே துண்டு துண்டாக ஒடிந்தது. புது ஃபில்டர், புது வளையம், எண்ணெய் தடவி, நீங்கள் சொன்னபடி கழுத்தில் பிடித்து இறுக்கினேன். ஆனால் இன்ஜினைப் போட்டதும் மூடியின் விளிம்பில் சொட்டுச் சொட்டாக வருகிறது. இன்னும் இறுக்கவா?

பதில்: இறுக்காதே தம்பி! சரியாக இறுக்கிய மூடி ஒழுகினால் குற்றம் இறுக்கத்தில் இருக்காது, வளையத்தில் இருக்கும். மூன்றைப் பார். ஒன்று, ஒடிந்த பழைய ரப்பரின் துண்டு ஏதாவது மேலே உட்காரும் இடத்திலோ மரையிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா, விரலை விட்டுச் சுற்றித் தடவு, கண்ணைவிட விரலுக்குத்தான் தெரியும். உன் கதையில் எனக்கு இதுதான் சந்தேகம். இரண்டு, வளையம் அதற்குரிய பள்ளத்தில்தான் இருக்கிறதா. மூடியின் கழுத்தில் மரைக்குப் பக்கத்தில் வேறு விளிம்புகளும் இருக்கும், முதல் தடவை செய்கிறவர்கள் மரையின் மேலேயே வளையத்தை விட்டுவிடுவதுண்டு. பழைய வளையத்தைக் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது. மூன்று, மாட்டும்போது வளையம் முறுக்கிக்கொண்டதா. ஸ்பானர் இல்லாமல் கையாலேயே முக்கால்வாசிக்கு மேல் சுலபமாக ஏறவேண்டும், நடுவில் சிக்கினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், பின்னால் திருப்பி மறுபடி ஆரம்பி.

(ஒரு வரிப் பதில் பிறகு வந்தது: ரப்பர்த் துண்டுதான், சுண்டுவிரல் நக அளவு.)

கேள்வி: அண்ணே, என்னுடையது பழைய புரோட்டோன் சாகா. ஃபில்டர் வெளியே தெரியும் டப்பா மாதிரி இருக்கும். கழலாததால் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருப்பினேன், டப்பா கிழிந்து நாராகிவிட்டது, அடித்தகடு மட்டும் இன்ஜினில் நிற்கிறது. (கோல சிலாங்கூர்)

பதில்: குத்தும்போது டப்பாவின் நடுவில் குத்தியிருப்பீர்கள், தகரம் கிழிந்துகொண்டே போகும். இனி அந்த வழி வேண்டாம். மிச்சம் இருக்கும் அடித்தகடு கெட்டியானது, அதன் ஓரத்தில் உளியை வைத்துக் கழற்றும் திசையில் தட்டினால் திரும்பும். அல்லது தகட்டில் நடு மரையைச் சுற்றி இருக்கும் எண்ணெய்த் துளைகளில் மூக்கு நீண்ட குறடின் இரண்டு முனையையும் விட்டுத் திருப்பலாம். அடுத்த முறை, டப்பாவைத் துணியால் பிசுக்கில்லாமல் துடைத்து, மண்காகிதத்தைச் சொரசொரப்பு உள்பக்கம் வரும்படி சுற்றி இரண்டு கையாலும் திருப்பிப் பாருங்கள், பாதி டப்பாக்கள் அதற்கே வந்துவிடும். வராவிட்டால் பட்டை ரெஞ்ச் (டப்பாவைச் சுற்றி வார் போட்டுத் திருப்பும் ரெஞ்ச்), அதையும் டப்பாவின் அடியோரத்தில், இன்ஜினை ஒட்டிய பக்கம் போடுங்கள், அங்கேதான் உள்ளே கெட்டித் தகடு இருக்கிறது.

புதியது மாட்டுமுன் பழைய ரப்பர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன்மேல் புது ரப்பரை வைத்து இறுக்கினால் நிறுத்தியிருக்கும்போது ஒன்றும் தெரியாது, ஓடும்போது அழுத்தத்தில் பிதுங்கி, சில நிமிடத்தில் எண்ணெய் முழுக்க ரோட்டில் போய்விடும். இந்த டப்பாவுக்கு ஸ்பானரே வேண்டாம், ரப்பர் தொட்டதிலிருந்து கையால் முக்கால் சுற்று.

கேள்வி: கடையில் போமன் (மெக்கானிக்) காற்றுத் துப்பாக்கி எடுத்தால் எப்படிச் சொல்வது? கோபித்துக்கொள்வாரே. (பெயர் வேண்டாம்)

பதில்: கோபித்துக்கொள்ளத்தான் செய்வார், இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறார். “உங்களுக்குத் தெரியாதது இல்லண்ணே, போன தடவ வீட்டுல கழட்ட முடியாம படாதபாடு பட்டேன், இந்த மூடிய மட்டும் கையால போட்டுக் கொடுங்க” என்று பழியை நம் மேலேயே போட்டுக்கொண்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே செய்துவிடுவார். ஃபில்டர் பெட்டியிலிருந்து இரண்டு வளையத்தையும் எடுத்து அவர் கையில் நீங்களே கொடுங்கள். கையில் இருப்பதைப் போடாமல் விடமாட்டார்.

கேள்வி: வடித்த கறுப்பெண்ணெயை என்ன செய்வது ஐயா? என் மாமனார் வேலிக் கம்பங்களில் பூசக் கேட்கிறார், கறையான் வராதாம். நாய்க்குச் சொறிக்கும் தடவுவாராம். (வாசகி, ஈஜோக்)

பதில்: அம்மா, தோட்டத்தில் வளர்ந்த எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு மாமனார் உண்டு, என் வீட்டில் என் அப்பாவே. கம்பத்தில் பூசினால் கறையான் கொஞ்ச நாள் ஒதுங்கும், மழையில் கழுவிக்கொண்டு சாக்கடைக்கும் அங்கிருந்து ஆற்றுக்கும் போகும். நாய்க்குத் தடவவே கூடாது, அது நக்கும், நக்கினால் உடம்புக்குள் போகும். ஓடித் தேய்ந்த எண்ணெய் நம் தோலுக்கும் நல்லதல்ல, புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடிய பொருட்கள் அதில் சேர்ந்திருக்கும், வீட்டில் மாற்றுகிறவர்கள் கையுறை போடுங்கள்.

மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் விதிகள்படி கழிவு எண்ணெய் அட்டவணையிட்ட கழிவு (கண்ட இடத்தில் கொட்டக்கூடாத ஆபத்தான கழிவு), எஸ்டபிள்யூ 305 என்ற எண். பட்டறைகளில் அதற்கென்று டிரம் வைத்திருப்பார்கள், கொண்டுபோய்க் கேட்டால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். பழைய ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு இரவு வடியவிட்டு அதையும் சேர்த்துக் கொடுங்கள். எடுத்துப்போக, புது எண்ணெய் வந்த அந்த 4 லிட்டர் போத்தலையே பயன்படுத்துங்கள். குளிர்பான போத்தலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், வெயில் நேரத்தில் பேரப்பிள்ளை ஓடி வந்து எதை எடுக்கும் என்று யாருக்குத் தெரியும். மாமனாருக்குக் கம்பத்தில் பூச வன்பொருள் கடையில் மரத்துக்கென்றே கறையான் மருந்து இருக்கிறது, ஒரு சின்ன டின் வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள்.